உற்பத்தி நின்றதும் லீவு

1. மண்வெட்டி இல்லாத வேலை

ஏடன் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் மூன்று சாமான் கொடுத்தார்கள். ஒரு டிகிரி கண்ணாடி, ஒரு குடை, ஒரு நோட்டுப் புத்தகம். மண்வெட்டி எங்கே என்று கேட்டேன். மானேஜர் சேட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பேசியது இந்துஸ்தானி. எனக்கு அது அரைகுறை. அதனால் இதில் வரும் அவர் பேச்சையும் அரபிக்காரர்கள் பேச்சையும் நம்ம ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

"மண்வெட்டி புடிக்க வேற ஆளுங்க கீறாங்க. நீ மேஸ்திரி. குடைய புடிச்சிகினு நட, கண்ணாடிய வுட்டுப் பாரு, நோட்ல எழுது. அவ்ளோதான்."

அன்றைக்கே எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. நான் எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு அளத்துக்காரன். எங்கள் பக்கம் மேஸ்திரி என்றால் முழங்கால் வரை சேறு இருக்கும். முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறினால் ஓட வேண்டும், இறங்கினால் ஓட வேண்டும், வரப்பில் நண்டு ஓட்டை போட்டால் அதற்கும் ஓட வேண்டும். ஏடனில் ஓடுவதற்கு எதுவும் இல்லை. துணி கட்டிய பெரிய காற்றாடிகள் வரிசையாகச் சுற்றி, கடல் தண்ணீரைத் தானாக ஏற்றின. வெயில் தானாகக் காய்ச்சியது. உப்பு தானாக விளைந்தது. நான் குடை பிடித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி நடந்தேன்.

டிகிரி கண்ணாடி தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அது தண்ணீரில் மிதக்கவிடும் ஒரு குழாய். தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று காட்டும். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. இருபத்தைந்துக்கு ஏறினால் உப்புப் பூக்கும். நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

2. காதர் பாய் வாசித்த பேப்பர்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்துக் காதர் பாய் டோல்கேட் பக்கத்தில் ஒரு மாடி அறை பிடித்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். ஏடனில் பம்பாய் முதலாளி ஒருவருடைய உப்புக் கம்பெனி. கல்கத்தாவுக்கு உப்பு அனுப்புகிறார்கள். பழகின மேஸ்திரி வேண்டும். பெண்டாட்டியோடு போகலாம், குவார்ட்டர்ஸ் உண்டு என்றார். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். லோகம்மாவையும் அவள் அம்மாவையும் அந்த மாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமியார் முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கிறவர். பேப்பர், பேனா என்றால் அவருக்கு நம்பிக்கை கிடையாது. காதர் பாய்க்கு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பாய், நாளைக்கி இவ முழுகாம இருந்தா இன்னா பண்றது? தலப்பிள்ள எங்க வூட்லதான் பொறக்கணும். அது எங்க வழக்கம்."

காதர் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை வாசித்துத் தமிழில் சொன்னார். "ரெண்டு வருஷம் அக்ரிமெண்ட். வருஷா வருஷம் உற்பத்தி நின்னதும் ரெண்டு மாசம் லீவு. போறதுக்கு வர்றதுக்குக் கப்பல், ரயில் எல்லாம் கம்பெனி செலவு. பேஜாரே இல்ல மா."

நான் உடனே மாமியாரிடம் சொன்னேன். "அத்தே, ஐப்பசில மழ வுழுந்தா உற்பத்தி நிக்கப் போவுது. தீபாவளிக்கு உன் வூட்ல கீறோம். புள்ளைய பெத்து எடுத்துகினுதான் திரும்புவோம்." கையில் அடித்துச் சத்தியமும் செய்துகொடுத்தேன்.

மாமியார் தலையாட்டினார். லோகம்மா தலையாட்டினாள். அவளும் அளத்துக்காரிதான், பத்து வருஷம் வாருபலகை பிடித்து உப்பு வாரினவள். காதர் பாயும் எண்ணூர் உப்பைத் தின்று வளர்ந்தவர். மழை பெய்யாத ஊரில் உற்பத்தி எப்படி நிற்கும் என்று அந்த அறையில் இருந்த நாலு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு ஐப்பசி என்றால் மழை. மழை என்றால் அளம் மூடியாகிவிட்டது. சூரியன் கிழக்கே உதிக்குமா என்று யாராவது பேப்பரில் எழுதி வாங்குவார்களா? அப்படித்தான் இருந்தது.

பிற்பாடு தெரிந்தது, அந்தப் பேப்பர் கம்பெனியின் குஜராத் அளத்துக்கு அச்சடித்தது. அங்கே மழைக்காலம் உண்டு. அதே பேப்பரை ஏடனுக்கும் எடுத்துவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. யாரும் யோசிக்கவில்லை.

3. கருவாடு

குவார்ட்டர்ஸ் அளத்தின் ஓரத்திலேயே இருந்தது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, மேலே மொட்டை மாடி. நல்ல தண்ணீர் ஷேக் உஸ்மான் என்ற பக்கத்து ஊர்க் கிணறுகளிலிருந்து கழுதை வண்டியில் தகர டின்களில் வரும். வந்த முதல் வாரம் லோகம்மா அதில் ஒரு டின்னை ஊற்றித் தரையைக் கழுவிவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் முதல் பழக்கம்.

அந்த அம்மாளை எல்லோரும் உம்மு சாலிம் என்பார்கள், சாலிமின் அம்மா என்று அர்த்தம். அவர் கணவர் அபூ சாலிம், சாலிமின் அப்பா. காற்றாடிகளைப் பழுது பார்க்கும் தச்சர். அங்கே தலைப்பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் பெற்றோரைக் கூப்பிடுவது மரியாதை. எனக்குப் பிள்ளை இல்லாததால் வெறும் 'ஹிந்தி', அதாவது இந்தியாக்காரன். லோகம்மாவுக்கு அதுவும் இல்லை; கையைக் காட்டிக் கூப்பிடுவார்கள்.

லோகம்மா சும்மா உட்கார்ந்து பழகாதவள். அங்கே பெண்கள் அளத்தில் வேலை செய்வதில்லை. சமையலை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு அறைக்குள்ளேயே எட்டு அடி அந்தப் பக்கம், எட்டு அடி இந்தப் பக்கம் நடப்பாள். நான் சாப்பிட வந்தால் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

"ஒக்காரேன் லோகு. தல சுத்துது."

"ஒக்காந்து இன்னா பண்றது? நீ வேலைக்கினு போற, அங்கயும் நடக்கற. நான் வூட்ல நடக்கறேன். இதுக்கா கப்பல் ஏறி வந்தோம்?"

ஏடனில் மீனுக்குப் பஞ்சமில்லை. கரையில் வஞ்சிரம் வஞ்சிரமாகக் கிடக்கும். ஒரு நாள் இரண்டு கூடை வாங்கிக் கீறி, அளத்து உப்பையே தடவி, மொட்டை மாடியில் காயப்போட்டாள். அந்த வெயிலுக்கு இரண்டே நாளில் கருவாடு தயார். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். மூன்றாம் நாள் காற்று திரும்பியது. மானேஜர் சேட்டின் பங்களா காற்று போகும் திசையில் இருந்தது. அவர் வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

சேட் மூக்கில் கைக்குட்டையோடு வந்து நின்றார். "மேஸ்திரி, என் சம்சாரம் ரெண்டு நாளா சாப்புடல. அந்தக் கலீஜ எடுத்துடு."

கலீஜ் என்றதும் லோகம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கலீஜா? இவரு உப்பு வித்தா வியாபாரம், நான் உப்பு போட்டா கலீஜா? கேளு மாமா அவர." நான் கேட்கவில்லை. உம்மு சாலிம் நடுவில் புகுந்து, கூடைகளைத் தன் வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வீடு காற்றுக்கு அந்தப் பக்கம். அதற்குப் பிறகு கருவாடு வியாபாரம் முழுக்க அங்கேதான். இரண்டு பேருக்கும் ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாது. ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டே மீன் கீறுவார்கள், சிரிப்பது மட்டும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

லோகம்மா முழுகாமல் இருப்பதை எனக்கு முன்னாலேயே உம்மு சாலிம் கண்டுபிடித்துவிட்டார். கருவாட்டு வாசனை லோகம்மாவுக்கே குமட்டியதாம்.

4. ஐப்பசி

ஐப்பசி பிறந்தது. லோகம்மாவுக்கு ஐந்தாம் மாதம். ஊரில் அப்போது நாங்கள் உப்பு அம்பாரத்துக்கு ஓலை வேய்வோம், வடிகால் வெட்டுவோம், வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கும். முதல் மழை விழுந்ததும் கருவிகளைக் கழுவி வைத்துவிட்டு நாள் முழுக்கத் தூங்குவோம். அந்தத் தூக்கத்துக்காகத்தான் பத்து மாதம் உழைப்பதே.

ஏடனில் ஐப்பசி முதல் தேதியும் வெயில். பத்தாம் தேதியும் வெயில். எனக்கு உடம்பு முழுக்க ஏதோ ஊர்வதுபோல இருந்தது. விடிந்ததும் வெளியே வந்து வடகிழக்கே பார்ப்பேன். அங்கே வெறும் மொட்டை மலை. வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் வரப்பைச் சுற்றுவேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கும் சுற்றுவேன். அரபிக்காரர்கள் மத்தியானத்தில் காத் என்ற போதை இலையை மென்றுகொண்டு நிழலில் சாய்ந்திருப்பார்கள். "ஹிந்தி, ஒக்காரு. உப்பு எங்கயும் ஓடிப் போவாது" என்பார் அபூ சாலிம். உட்காருவேன். ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவேன்.

மாதக் கடைசியில் சேட்டிடம் போய் லீவு கேட்டேன். அவர் பேப்பரை எடுத்துப் பார்த்தார்.

"உற்பத்தி நின்னதும் லீவுனு போட்டுகீது. சரிதான். எப்ப நிக்குது?"

"நீங்கதான் சொல்லணும் சேட்."

"நான் இங்க வந்து ஆறு வருஷம். இன்னும் நிக்கல." அவர் கேலி செய்யவில்லை. அவருக்கே அப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன். பேப்பரை மடித்து வைத்தார். "நான் பம்பாய்க்கு எழுதிக் கேக்கறேன். ஆனா பேப்பர்ல இருக்கறது இதான். உற்பத்தி ஒரு மாசம் நின்னாக்கூட போதும், அன்னிக்கே உன்ன அனுப்பறேன். என் வாக்கு."

பம்பாயிலிருந்து பதில் வரவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போனால் டிக்கெட் கிடையாது. சொந்தமாக இரண்டு பேர் கப்பல் ஏற எங்களுக்கு வக்கில்லை. லோகம்மாவைத் தனியாக அனுப்புவதும் நடக்காது. இதற்கு நடுவில் கம்பெனி டாக்டர் இன்னொன்று சொன்னார். ஏழு மாதம் முடிந்த பெண்ணைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பம்பாய்க் கப்பல் மாதத்துக்கு ஒன்றுதான் வரும். எண்ணிப் பார்த்தால் மார்கழியில் ஒரு வியாழக்கிழமை வரும் கப்பல்தான் எங்களுக்குக் கடைசி.

வீட்டில் வந்து சொன்னேன். லோகம்மா நடப்பதை நிறுத்தினாள்.

"எம்மாக்கு கைல அடிச்சு சொன்னியே."

"சொன்னேன்."

"அப்ப மழைய வரச் சொல்லு" என்றாள். அதற்கப்புறம் அவளும் என்னோடு சேர்ந்து விடியற்காலையில் வெளியே வந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். மொட்டை மலையைப் பார்த்து இரண்டு பேரும் நிற்போம். உம்மு சாலிம் இதைப் பார்த்துவிட்டு, இந்துக்கள் ஏதோ பூஜை செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

5. நாற்பது பாத்தி

மழை வந்தது. மார்கழியில், கப்பலுக்கு எட்டு நாள் முன்பு, மத்தியானம் இரண்டு மணிக்கு. காலையிலிருந்தே புழுக்கம். மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு எழும்பியது. முதல் சொட்டு என் நோட்டுப் புத்தகத்தில் விழுந்தது.

பெய்தது சாதாரண மழை இல்லை. ஊரில் புயல் மழை பார்த்தவன் நான். அதற்குக் குறையாமல் முக்கால் மணி நேரம் கொட்டியது. ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டார்கள். ஆண்டவனுக்கு நன்றி சொல்லி ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்படியொரு மழையைப் பார்த்ததே இல்லையாம்.

பிறகு மழை விட்டது. காற்று விழுந்துவிட்டது. காற்றாடிகள் அசையாமல் நின்றன. நான் பாத்தி ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தேன்.

அளத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மழைத் தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். மழை விட்ட கையோடு மழைத் தண்ணீர் மேலே தனியாக நிற்கும். காற்று எழுந்து அலைத்துவிட்டால் இரண்டும் கலந்துவிடும். கலந்தால் தீர்ந்தது. இருபத்தைந்து டிகிரி பதினைந்துக்கு வந்துவிடும், அடியில் படிந்த உப்பும் கரைந்து போகும், மறுபடி விளைய இரண்டு மாதம் ஆகும். காற்று எழுவதற்குள், மடையை அடைத்து அடுக்கியிருக்கும் பலகைகளில் மேல் பலகையை மட்டும் எடுத்துவிட்டால் மழைத் தண்ணீர் வழிந்து கடலுக்குப் போய்விடும். கீழே கனத்த தண்ணீர் அப்படியே இருக்கும். எண்ணூர் பக்கம் கோடை மழைக்கு நாங்கள் இதை நூறு தடவை செய்திருப்போம். மழையே பார்க்காத ஏடன்காரர்களுக்கு இந்த வித்தை எப்படித் தெரியும்?

நான் குடையை எறிந்தேன். "அபூ சாலிம், பலகை, மேல் பலகை" என்று கத்திக்கொண்டு ஓடினேன். முதல் மடையில் இறங்கி, ஊறிப்போன பலகையை இரண்டு கையாலும் பிடுங்கினேன். மேல் தண்ணீர் மளமளவென்று வழிய ஆரம்பித்தது. டிகிரி கண்ணாடியை அடியில் அமுக்கிக் காட்டினேன். இருபத்தைந்து. அபூ சாலிம் ஒரு பார்வை பார்த்தார், புரிந்துகொண்டார். கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மொத்தம் நாற்பது பாத்தி. அதில் முப்பது உப்பு விளைகிற பாத்தி. மிச்சம் பத்தும் தாய்ப் பாத்தி. இருபத்துநாலு டிகிரி ஏறின தண்ணீரை அதில் தேக்கி வைத்துத்தான் மற்ற முப்பதுக்கும் விடுவோம். தாய்ப் பாத்தி கெட்டால் மற்றவை நன்றாக இருந்தும் புண்ணியமில்லை. அதன் ஆழம் அதிகம், கொஞ்சம் தாங்கும் என்பதால் அதைக் கடைசிக்கு விட்டேன். ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு ஓட்டம். ஆணி கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது. அதில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். இருபது ஆட்கள் என் பின்னால் ஓடிவந்தார்கள். "இன்னும் கொஞ்சம் தூக்கு, போதும், இறக்கு" என்று நான் தமிழில் கத்தினேன், அவர்கள் அரபியில் கேட்டார்கள், வேலை சரியாக நடந்தது. ஐந்து மணிக்குக் காற்று எழுந்தபோது நாற்பதாவது பாத்தியில் பலகையைத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தேன்.

சேட் காரில் வந்தார். கண்ணாடியைத் தானே வாங்கி நாலைந்து இடத்தில் விட்டுப் பார்த்தார். பிறகு சேறும் உப்புமாக இருந்த என்னைக் கட்டிக்கொண்டார்.

"மேஸ்திரி, உற்பத்தி ஒரு நாள் கூட நிக்காது" என்றார்.

6. பெட்டி

வீட்டுக்கு வந்தேன். டிரங்குப் பெட்டி அறை நடுவில் இருந்தது. மூடிப் பூட்டுப் போட்டிருந்தது. படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தாள். உம்மு சாலிம் கொடுத்த பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்று, அம்மாவுக்கென்று தனியாக ஒரு மூட்டை கருவாடு. லோகம்மாவின் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. மழையில் நன்றாக நனைந்திருக்கிறாள்.

"வா மாமா. கால கழுவு. பாத்தியா மழைய? எங்க ஊரு மழ மாதிரியே கீது. நான் வாசல்லயே நின்னுகினு இருந்தேன், உள்ளயே வர்ல. கப்பல் அடுத்த வியாழக்கெழம தானே?"

நான் சொம்புக்குக் கை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். உள்ளங்கைக் கிழிசலைப் பார்த்தாள். அவளும் அளத்துக்காரி. மழை விட்ட பிறகு அளத்தில் எந்த வேலைக்குக் கை இப்படிக் கிழியும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"மேல் பலகைய எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எத்தினி?"

"நாப்பதும்."

பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "கப்பலு?"

"நெனப்பே வர்ல லோகு. தண்ணிய பாத்ததும் ஓடிட்டேன். கை பாட்டுக்கு செஞ்சிருச்சு."

அவள் திட்டுவாள் என்று நின்றிருந்தேன். திட்டவில்லை. குனிந்து, வயிறு இடிக்க இடிக்க, படுக்கைக் கயிற்றை அவிழ்த்தாள். நான் உதவப் போனேன். "கை ரத்தமா கீது, நீ தொடாத" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம்.

மறுநாள் சேட் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, என்ன வேண்டுமோ கேள் என்றார். லீவு கேட்டேன். அவர் முகம் மாறியது. நிஜமாகவே வருத்தப்பட்டார். "உன்ன இப்ப எப்டி அனுப்பறது? இன்னொரு மழ வந்தா இங்க யாருக்கு இது தெரியும்?" என்றார். பேப்பர்படி அவர் செய்தது சரி. என் வித்தை கையை விட்டுப் போய்விடுமே என்று பயந்துதான் அவர் என்னை விடவில்லை. அதை அவருக்குக் காட்டினதும் நான்தான்.

வியாழக்கிழமை கப்பல் போனது. சங்கு ஊதின சத்தம் அளம் வரை கேட்டது. லோகம்மா அன்றைக்கு உம்மு சாலிம் வீட்டு மாடியில் மீன் கீறிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் குழந்தை பிறந்தது. உம்மு சாலிம் ஒரு கிழவி மருத்துவச்சியைக் கூட்டிவந்தார். இரண்டு நாள் வலி. இரண்டு நாளும் லோகம்மா "எம்மா, எம்மா" என்று கூப்பிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உம்மு சாலிமும் அபூ சாலிமும் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அக்ரிமெண்ட் முடிந்து ஊர் திரும்பியபோது பெண் நடக்க ஆரம்பித்திருந்தாள். மாமியார் முகத்துவாரக்குப்பத்தில் வாசலில் நின்று கையை நீட்டினார். குழந்தை வீல் என்று அலறி, அரபியில் ஏதோ சொல்லிக்கொண்டு லோகம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. மாமியார் நீட்டின கையை மடக்கிக்கொண்டார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஐப்பசின்னியே மாப்ள."

7. இளையவர்களுக்கு

அதற்குப் பிறகு எண்ணூர் பக்கம் அளங்களில் நீண்ட காலம் வேலை பார்த்தேன். வெளிநாடு போகிற பிள்ளைகள் பேப்பரை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் எல்லோருக்கும் ஒன்றுதான் சொல்லுவேன். லீவு என்று போட்டிருந்தால் எந்த மாதம், எந்தத் தேதி என்று எழுதி வாங்கு. நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஊருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்காதே. நம்ம ஊர் மழை நம்மோடு கப்பல் ஏறி வராது. இந்தப் பாடத்தை இத்தனை வருஷமாகச் சொல்லி, நல்ல பேரும் வாங்கிவிட்டேன்.

ஆனால் நான் கற்றுக்கொண்டது அது மட்டும் இல்லை. மற்றதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. லோகம்மா போய் மூன்று வருஷம் ஆகிவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

லோகம்மா ஏடன் கதையைக் கடைசி வரை சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். பேரப்பிள்ளைகளிடம், "உங்க தாத்தாக்கு அளத்துல கால வெச்சா நான் ஒருத்தி கீறதே மறந்துபூடும். கப்பல மறந்துட்டாருடா மனுசன்" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மறந்துபோனவன் மேல் எவ்வளவு நாள் கோபமாக இருக்க முடியும்? மறந்துவிட்டேன் என்று நம்பித்தான் அவள் என்னை மன்னித்தாள்.

நான் மறக்கவில்லை. முப்பதாவது பாத்தியில் பலகையைச் செருகிவிட்டு இடுப்பு வலிக்க நிமிர்ந்தேன். அங்கிருந்து குவார்ட்டர்ஸ் நன்றாகத் தெரியும். லோகம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் ஈர முடியைப் பிழிந்துகொண்டு வானத்தைப் பார்த்தாள். அவள் ஏன் அப்படி நிற்கிறாள் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை, கப்பல், மாமியார், கையில் அடித்த சத்தியம் எல்லாம் நினைவுக்கு வந்தன. மிச்சம் இருந்தது தாய்ப் பாத்தி பத்தும்தான். அதை அப்படியே விட்டிருந்தால் போதும். உற்பத்தி நின்றிருக்கும், சேட் வாக்குக் கொடுத்தபடி அனுப்பியிருப்பார். ஒரு மனுஷனால் இவ்வளவுதான் முடியும் என்று எல்லோரும் பாராட்டியும் இருப்பார்கள்.

ஆனால் அந்த ஊருக்குப் போய் அத்தனை மாதத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் நான் மேஸ்திரியாக இருந்தேன். இருபது ஆட்கள் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடை பிடித்து நடந்தவனை அவர்கள் அன்றைக்குத்தான் முதல் தடவை நிமிர்ந்து பார்த்தார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. பெண்டாட்டியின் தவிப்பைவிட அந்தச் சமயத்தில் அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. வேலையில் கெட்டிக்காரனாக இருங்கள் பிள்ளைகளே, நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நானும் நிமிர்ந்து பார்த்தவன்தான்.

மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்த அபூ சாலிம், போதுமா என்று கேட்டார். இன்னும் பத்து இருக்கிறது என்றேன்.